இரவல் கண்

ஆற்றுக்கு இந்தப் பக்கம் கடைத்தெரு. அந்தப் பக்கம் பீடி சுற்றுகிற தெருக்கள். நடுவில் ஒரு பாலம். ஊர் அவ்வளவுதான். பேரைச் சொன்னால் யாராவது தேடிப் போவார்கள், வேண்டாம்.

கடைத்தெரு முடிகிற இடத்தில் இருதயமேரியின் படக்கடை இருந்தது. செத்துப்போனவர்களைப் படமாக வரைந்து கொடுக்கிற கடை.

வீட்டுக்கு வீடு கேமரா வராத காலம் அது. நிறையப் பேருக்கு ஆயுசில் எடுத்த ஒரே போட்டோ செத்த அன்றைக்கு எடுத்ததுதான். நாற்காலியில் சாத்தி உட்காரவைத்து, மாலை போட்டு, ஸ்டூடியோக்காரரைக் கூட்டிவந்து எடுப்பார்கள். அந்தப் போட்டோவைக் கொண்டுவந்து கொடுத்தால் இருதயமேரி கட்டம் போட்டுப் பெரிதாக்கி, எண்ணெய்ச் சாயத்தில் வரைவார். தாடையில் கட்டிய துணியை அவிழ்ப்பார். மூக்கில் வைத்த பஞ்சை எடுப்பார். கன்னத்துக்கு ரத்தம் கொடுப்பார். எல்லாம் முடிந்த பிறகு கண்ணைத் திறப்பார்.

கண்ணை மட்டும் மனசிலிருந்து வரைய மாட்டார். செத்தவருடைய கண் வீட்டில் யாருக்கு வந்திருக்கிறதோ அவரைக் கூட்டிவரச் சொல்வார். வாசலோரம் வெளிச்சம் விழுகிற இடத்தில் ஒரு முக்காலி கிடக்கும். வந்தவரை அதில் உட்காரவைத்து, அவர் கண்ணைப் பார்த்து, செத்தவருக்குக் கண் போடுவார். கடையில் அதற்கு இரவல் கண் என்று பேர்.

அவரிடம் தொழில் படிக்க வந்தவர் கொம்பையா. இருதயமேரியைவிட ரொம்ப மூத்தவர். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து, வேலையை விட்டுவிட்டு வந்தவர். நரைத்த தலையோடு அவர் இருதயமேரியை வாத்தியாரம்மா என்று கூப்பிடுவார். இருதயமேரி அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவார். எதிர்த்த டீக்கடையில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். கொம்பையா காதில் வாங்க மாட்டார்.

அவர் வந்தது ஒரே ஒரு படத்துக்காக.

மகள் பேச்சி. ஏழு வயசு. ஆற்றில் போய்விட்டாள். எடுத்த போட்டோவில் அவள் நாற்காலியில் இருக்கிறாள், சாயாமல் இருக்க நெஞ்சோடு துணி கட்டி, தலை ஈரமாய், கண் மூடி. உயிரோடு எடுத்த போட்டோ இல்லை. அந்தக் கண்ணைத் தன் கையால் திறக்க வேண்டும் என்று வந்தார்.

தொழில் அவருக்குச் சீக்கிரம் வந்தது. நெஞ்சில் கட்டிய துணியை அவிழ்த்தார். முகத்து வீக்கத்தை வற்றவைத்தார். தலையைத் துவட்டி, ரெட்டைச்சடை பின்னி, ரிப்பன் வைத்தார். உதட்டோரத்தில் ஒரு வெடிப்பு இருந்தது, அதைக்கூட ஆற்றினார். கண் மட்டும் மூடியே இருந்தது. படம் கடையின் பின்அறையில் நின்றது.

"வாத்தியாரம்மா, கண் திறக்க எனக்கு எப்பச் சொல்லித் தருவீங்க?"

"யாரு கண்ணு?"

"பேச்சி கண்ணுதான்."

"அது ஆத்தோட போச்சு. இரவல் யாரு தாரான்னு கேக்கேன்."

கொம்பையா சாயம் குழைக்கப் போய்விடுவார். இருதயமேரி தன் வேலையைப் பார்ப்பார். சில மாசம் கழித்து கொம்பையா மறுபடி கேட்பார். மறுபடியும் யாரு கண்ணு என்பார் இருதயமேரி.

யார் கண் என்று கொம்பையாவுக்குத் தெரியும். அது பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது.

*

எண்ணெய்க்கடை உலகநாதன் செத்தபோது இரண்டு மகன்களும் அவர் மனைவியும் வந்தார்கள். மூத்தவன் போட்டோவை நீட்டினான்.

"கோட்டு போடணும்."

"அப்பா கோட்டு போடுவாரா?"

"போட்டதில்ல. போட்டா நல்லா இருக்கும்லா."

"வாட்சு?"

"தங்க வாட்சு."

"மூக்குக் கண்ணாடியும் ஒண்ணு மாட்டிவிடுங்க. படிச்ச களை வரும்" என்றான் இளையவன்.

"அவிய கைநாட்டுலா" என்றாள் அந்த அம்மாள்.

"நீ சும்மா இரும்மா."

இருதயமேரி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். பிறகு முக்காலியைக் காட்டினார்.

"அவுக கண்ணு வீட்டுல யாருக்கு?"

"எனக்குத்தான்" என்றான் மூத்தவன்.

"இவனுக்கா? இவனுக்கு எங்க மாமா கண்ணு. எருமை முழிக்க மாதிரி. அப்பா கண்ணு எனக்கு."

"ஒனக்குக் கண்ணே பாதிதான இருக்கு. மத்தியானம் வரைக்கும் தூங்குதவன்."

அந்த அம்மாள் இரண்டு பேரையும் பார்த்தாள்.

"இவனுகளுக்கு இல்லம்மா. அது ஆவுடைக்குத்தான் வந்திருக்கு."

ஆவுடை அவர்கள் வீட்டுப் பெண். தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டவள். மேட்டுத்தெருவில்தான் இருந்தாள். தகப்பன் முகத்தைப் பார்க்க வந்தவளை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

"அவளைக் கூட்டிட்டு வாங்க" என்றார் இருதயமேரி.

"அது நடக்காது. பொதுவா ஒரு கண்ணு போட்டுவிடுங்க" என்றான் மூத்தவன்.

"பொதுவான்னு கண்ணு கிடையாது."

"வேற கடையில போட்டுத் தருவான்."

"தருவான்."

கோட்டு, வாட்சு, கண்ணாடி எல்லாம் போட்டு உலகநாதன் தயாரானார். கண்ணாடிக்குள் கண் மூடியிருந்தது. யாரும் வாங்க வரவில்லை. கொஞ்ச நாளில் அவரும் பின்அறைக்குப் போனார்.

அங்கே அப்படி நிறையப் பேர் இருந்தார்கள். ஒருவருக்கு மகள் வர மாட்டேன் என்றாள். ஒருத்திக்கு அண்ணன் வர மாட்டேன் என்றான். பட்டு உடுத்தி, பவுடர் போட்டு, தூங்குகிற மாதிரி சுவரோரமாய் வரிசையாகச் சாய்ந்திருந்தார்கள். பேச்சியும் அவர்களோடு இருந்தாள்.

*

ஒரு திங்கட்கிழமை மெட்ராஸ்காரர் ஒருவர் வந்தார். படம் வாங்கிச் சேர்க்கிறவர். வீடு முழுக்கப் படம், அது போதாமல் படத்துக்காகவே இன்னொரு வீடு வைத்திருக்கிறார் என்று கூட வந்த டிரைவர் டீக்கடையில் சொன்னான்.

மெட்ராஸ்காரர் முன்னால் மாட்டியிருந்த படங்களை நின்று பார்க்கவில்லை. பின்அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே போனவர் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்தார். உள்ளே டர்பன்டைன் வாடை.

"அந்த ரூம்ல இருக்கிறது எல்லாத்தையும் எடுத்துக்கலாமா?"

"அது எல்லாம் கண்ணு திறக்காதது" என்றார் இருதயமேரி.

"அதனாலதான் கேட்கிறேன். கண் திறந்த படத்துல ஆள்தான் தெரியறார். மூடியிருந்தாத்தான் படம் தெரியுது."

"அப்படியா."

"சரிகை வேட்டியில ஒரு பெரியவர், கோட்டு போட்ட ஒருத்தர், எல்லாமே நல்லா இருக்கு. ஆனா அந்தக் குழந்தை. ரெட்டைச்சடை. அது மாதிரி நான் பார்த்ததில்லை. அதை யார் வரைஞ்சது?"

இருதயமேரி கொம்பையாவைக் கைகாட்டினார். மெட்ராஸ்காரர் கிட்டே வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். கொம்பையாவின் விரலில் இருந்த சாயம் அவர் விரலில் ஒட்டியது. அவர் அதைத் துடைக்கவில்லை.

"அதைத் தொடாதீங்க. தயவுசெய்து கண்ணைத் திறந்துடாதீங்க. அப்படியே இருக்கட்டும்."

"வெள்ளிக்கிழமை வண்டி கொண்டாங்க" என்றார் இருதயமேரி. "கண்ணு திறக்காதது எல்லாத்தையும் ஏத்திவிடுதேன்."

மெட்ராஸ்காரரின் கார் சத்தம் மறைந்த பிறகு கொம்பையா கேட்டார்.

"பேச்சியையுமா?"

"கண்ணு திறக்காதது எல்லாத்தையும்னு சொன்னேன்."

"அது என் புள்ள, வாத்தியாரம்மா."

"கண்ணு திறந்த படம்னா யாரு வீட்டுப் படம்னு எனக்குத் தெரியும். திறக்காதது கடைச்சரக்கு. சரக்கை விக்கத்தான செய்யணும், அண்ணாச்சி."

கொம்பையா பின்அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். டீக்கடைக்காரர் டம்ளர் வாங்க வந்தபோது, உள்ளே யாரோ பேசுகிற மாதிரி இருந்ததாகச் சொன்னார்.

*

புதன்கிழமை இருதயமேரி ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தார். கொம்பையா தனியே இருந்தார். பேச்சியைத் தூக்கிவந்து வெளிச்சத்தில் வைத்தார். சவரம் செய்கிற கண்ணாடியை ஆணியில் மாட்டினார்.

தகப்பன் கண் மகளுக்கு வராதா என்ன என்று நினைத்துக்கொண்டார்.

கண்ணாடியில் தன் கண்ணைப் பார்த்து வரைந்தார். வெள்ளை வைத்தார், கருமணி வைத்தார், கடைசியில் ஊசிமுனை அளவுக்கு ஒளி வைத்தார். பின்னால் நகர்ந்து நின்று பார்த்தார்.

சடை போட்ட பிள்ளையின் முகத்தில் இருந்து அவரே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயம் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கிற பார்வை.

துணியில் டர்பன்டைனை நனைத்து அழித்தார். இருதயமேரி வந்தபோது இமை இரண்டும் கலங்கி, அழுக்காக இருந்தது.

"யாரு கண்ணு வச்சீங்க?"

"என் கண்ணு."

"அது அன்னைக்கு எங்க பாத்துக்கிட்டு இருந்துச்சு?"

கொம்பையா துணியை மடித்து வைத்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். வக்கீல் ஒருவர் புது வீடு கட்டினார். பால்காய்ப்புக்குள் கூடத்தில் மாட்ட ஆற்றுப் படம் ஒன்று வேண்டும் என்று டிராயிங் மாஸ்டரிடம் சொன்னார். கொம்பையா ஆற்றங்கரையில் பலகையை நிறுத்தி வரைந்தார். முதல் நாள் பேச்சியும் கூடப் போய்ப் படித்துறையில் விளையாடிவிட்டு வந்தாள். இரண்டாம் நாளும் கூடப் போனாள். அன்றைக்குத் தண்ணீர்மேல் வெயில் நன்றாக விழுந்திருந்தது. அது மாறுவதற்குள் பிடித்துவிட வேண்டும் என்று வரைந்துகொண்டிருந்தார். அவர் திரும்பிப் பார்த்தபோது படித்துறையில் செருப்பு மட்டும் இருந்தது.

பிள்ளையைப் புதைத்த அந்த வாரத்திலேயே படத்தை முடித்துக் கொடுத்தார். பால்காய்ப்பு நல்லபடியாக நடந்தது. அவர் மனைவி இசக்கியம்மாள் பாலத்தைத் தாண்டி அண்ணன் வீட்டுக்குப் போனாள். திரும்பி வரவில்லை.

"வாத்தியாரம்மா, என்கூட ஒரு எட்டு வாறீங்களா? நீங்க கேட்டா அவ தருவா."

"இரவலை நான் எப்பவாது போய்க் கேட்டிருக்கேனா?" என்றார் இருதயமேரி. "வேணுங்கிறவுகதான் கேக்கணும்."

*

வியாழக்கிழமை காலையில் கொம்பையா பாலத்தைக் கடந்தார்.

இசக்கியம்மாள் அண்ணன் வீட்டு நடையில் கால் நீட்டி உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். மடியில் சுளகு. அதில் வெட்டிய இலை, தூள், சிவப்பு நூல்கண்டு. அவர் நிழல் சுளகில் விழுந்தது. அவள் நிமிரவில்லை.

"எதுக்கு வந்திய?"

"ஒரு காரியமா."

"காரியமில்லாம வருவியளாக்கும்."

அவர் உட்காரவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை.

"பேச்சி படம் வரைஞ்சிருக்கேன். எல்லாம் முடிஞ்சிட்டு. கண்ணு மட்டும் பாக்கி."

விரல் நிற்கவில்லை. ஒரு பீடியைச் சுற்றி, நூல் கட்டி, தலையை மடக்கி, சுளகில் போட்டாள்.

"ஒன் கண்ணுதான் அவளுக்கு. கடைக்கு வந்து கொஞ்ச நேரம் உக்காந்தாப் போதும்."

"என்னைப் பாத்து வரைவியளோ?"

"ஆமா."

"பாத்துருவியளா?"

"பாப்பேன்."

இன்னொரு இலையை எடுத்தாள்.

"வக்கீல் வீட்டு விசேஷத்துக்கு எச்சி எலை எடுக்க ஆள் கூப்பிட்டாவ. போனேன்."

"எப்ப?"

"எப்பவோ. அந்தப் படத்தைப் பாக்கத்தான் போனேன். கூடத்துல பெருசா மாட்டியிருக்காவ. ஆறு நல்லாத்தான் இருந்துச்சு. வெயிலு தண்ணியில கெடந்து மினுங்குது. வந்தவிய எல்லாம் நின்னு நின்னு பாக்காவ."

கொம்பையா சுளகில் விழுந்த தன் நிழலை விலக்கித் தள்ளி நின்றார்.

"மொத நாள் நீங்க பலகையை வீட்டுக்குக் கொண்டாந்தப்ப, படியில செவப்பா ஒரு பொட்டு வச்சிருந்திய. இதுதான் பேச்சின்னு காட்டுனிய. அவ ஓடிவந்து பாத்துட்டு, இம்புட்டுத்தானா நானுன்னு கேட்டா. நாளைக்குப் பெருசாக்குதேன்னு சொன்னிய."

"சொன்னேன்."

"வக்கீல் வீட்டுல அந்தப் பொட்டைத் தேடிப் பாத்தேன். படியில ஆளில்ல."

"அவரு ஆள் இல்லாம வேணும்னு கேட்டாரு."

"அதான் அழிச்சிட்டிய."

இசக்கியம்மாள் அப்போதுதான் நிமிர்ந்தாள். அவர் கண் தானாகக் கீழே போய்ச் சுளகில் கிடந்த நூல்கண்டில் நின்றது.

"பாத்தியளா. கீழ பாக்கிய."

"இசக்கி."

"அவ அப்பான்னு கூப்பிட்டிருப்பா. ஒருக்கதானா கூப்பிட்டிருப்பா? உங்க முதுகுதான் கடைசியா அவ கண்ணுல இருந்திருக்கும்."

தெருவில் ஒரு தண்ணீர் வண்டி போயிற்று.

"நாளைக்கு மெட்ராஸ்ல இருந்து வண்டி வருது" என்றார் கொம்பையா. "கண்ணு திறக்கலைன்னா பேச்சியையும் கொண்டுபோயிருவாவ."

"இதையும் வித்தாச்சா?"

"நான் விக்கலை."

"அன்னைக்கும் நீங்க தள்ளிவிடலை."

அவள் அடுத்த இலையை எடுத்தாள். அவர் பாலத்தைக் கடந்து திரும்பி வந்தார்.

*

வெள்ளிக்கிழமை கொம்பையா கடை திறக்க வந்தபோது, மூடிய பலகைக்கு முன்னால் இசக்கியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் சுளகு இருந்தது. ஒரு நாள் வேலையை விட்டால் ஒப்புக்கொண்டது கொடுக்க முடியாது, அதனால் அதையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

அவரிடம் பேசவில்லை. பின்னால் வந்த இருதயமேரியிடம் கேட்டாள்.

"வண்டி வந்துட்டா?"

"இன்னும் இல்ல. உக்காருங்க."

முக்காலியில் உட்கார்ந்தாள். சுளகை மடியில் வைத்து, குனிந்து, சுற்ற ஆரம்பித்தாள். கொம்பையா பேச்சியைக் கொண்டுவந்து எதிரே வைத்தார். அவள் பார்த்தாள். கலங்கிய இமையைப் பார்த்தாள். மறுபடி குனிந்துகொண்டாள்.

இருதயமேரி அவள் மடியிலிருந்து சுளகை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"இதை நான் பாத்துக்கிடுதேன். நீங்க நிமிந்து உக்காருங்க."

அவர் ஒரு பீடியைச் சுற்றினார். அது நடுவில் வீங்கி, வாயைப் பிளந்தது.

"எலையை வீணாக்காதீங்கம்மா" என்றாள் இசக்கியம்மாள். "அதைக் குடிச்சா தூளு தொண்டைக்குள்ள போயிரும்."

"அப்ப சுத்தலை. பிடிச்சுக்கிட்டு மட்டும் இருக்கேன்."

கொம்பையா மெல்லிய தூரிகையை எடுத்தார். சாயத்தைக் குழைத்தார். தேவைக்கு மேல் குழைத்தார். படத்தின் இமையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"படத்தைப் பாக்காதீங்க, அண்ணாச்சி" என்றார் இருதயமேரி. "அதுல கண்ணு இல்ல."

அவர் தலையைத் திருப்பினார். முதலில் அவள் நெற்றியைப் பார்த்தார். காதோரம் நரைத்திருந்தது. பிறகு புருவத்தைப் பார்த்தார். பிறகு பார்த்தார்.

அவள் இமைக்கவில்லை. கோபமும் காட்டவில்லை, அழவும் இல்லை. திறந்து வைத்துக்கொண்டிருந்தாள்.

கொம்பையாவின் கை வேலையை ஆரம்பித்தது. பார்த்தார், வைத்தார். பார்த்தார், வைத்தார். டீக்கடையில் ரேடியோ ஓய்ந்தது. வெளிச்சம் முக்காலியிலிருந்து கொஞ்சம் நகர்ந்தது. இருதயமேரி எழுந்து முக்காலியை நகர்த்தி மறுபடி வெளிச்சத்தில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

வெள்ளையில் ஓர் இடத்தில் அவர் தூரிகை நின்றது. இசக்கியம்மாளின் ஒரு கண்ணில், மூக்குப் பக்கமாக, எள்ளில் பாதி அளவுக்கு ஒரு மச்சம் இருந்தது.

"இது..."

"அவளுக்கும் இருந்துச்சு."

கொம்பையா தூரிகையைத் தாழ்த்தினார்.

"எந்தக் கண்ணுல?"

அவர் முகத்தைப் பார்த்தபடியே இருந்தாள்.

"எடது" என்றாள். "ஏழு வருசம் உங்க மடியில கெடந்தவ."

அவர் அந்த மச்சத்தை வைத்தார். அதை வைக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

இனி கருமணிதான். அது எந்தப் பக்கம் இருக்கிறதோ, அந்தப் பக்கம் பார்வை. கொம்பையா இருதயமேரியைப் பார்த்தார்.

"எங்க பாக்க மாதிரி போட, வாத்தியாரம்மா?"

இருதயமேரி சுளகில் கிடந்த தூளை ஒதுக்கிக்கொண்டிருந்தார். பதில் சொன்னது இசக்கியம்மாள்.

"கூப்பிட்டுட்டு நிக்க மாதிரி."

கொம்பையா போட்டார்.

தூரிகையை எடுத்தபோது அங்கே பேச்சி இருந்தாள். ஒருவரைக் கூப்பிட்டுவிட்டு, இப்போது திரும்பிவிடுவார் என்று நிற்கிற பிள்ளை. இன்னும் பயம் வரவில்லை.

இசக்கியம்மாள் முக்காலியிலிருந்து எழுந்து வந்து பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

*

வண்டி மதியத்துக்கு முன்னால் வந்தது. மெட்ராஸ்காரர் இறங்கிச் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார். பேச்சியைப் பார்த்து நின்றார்.

அவள் அவரைப் பார்த்தாள். அவர் ஓரடி இடதுபக்கம் நகர்ந்தார். பிறகு தன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"கெடுத்துட்டீங்களே" என்றார் மெதுவாக. "அவ்வளவு சொன்னேனே."

இருதயமேரி பின்அறைக் கதவைத் திறந்து வைத்தார்.

"இது வேண்டாம். இதை வீட்டுல வச்சுக்க முடியாது. மத்ததை ஏத்துங்க."

பின்அறையிலிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். சரிகை வேட்டிப் பெரியவர் வந்தார். அண்ணன் வராத பெண் வந்தாள். எண்ணெய்க்கடை உலகநாதன் கோட்டும் தங்க வாட்சும் மூக்குக் கண்ணாடியுமாகக் கடைசியில் வந்தார். டிரைவர் ஒவ்வொருவருக்கும் நடுவில் வைக்கோல் வைத்து, கயிறு கட்டினான். ஆவுடை இருக்கிற மேட்டுத்தெரு வழியாகத்தான் வண்டி போயிற்று.

வண்டி போன பிறகு இசக்கியம்மாள் சுளகை வாங்கி இடுப்பில் இடுக்கினாள். பேச்சியின் அருகில் போனாள்.

"இதைப் பொதிஞ்சு தாருங்கம்மா."

"பொதியக் கூடாது. ஈரமா இருக்கு" என்றார் இருதயமேரி. "துணி பட்டா கண்ணு கலங்கிரும். இப்படியே கொண்டுபோங்க. முகம் வெளியே இருக்கட்டும். சுளகை விட்டுட்டுப் போங்க, அப்புறமா அண்ணாச்சி கொண்டாந்து தருவாரு."

"வேண்டாம். நானே வந்து எடுத்துக்கிடுதேன்."

அவள் சுளகை முக்காலியில் வைத்தாள். படத்தின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, முகம் தெருவைப் பார்க்கிறபடி தன் முன்னால் ஏந்திக்கொண்டாள். கொம்பையா ஏதோ சொல்ல வந்தார். அவள் நிற்கவில்லை, இறங்கிவிட்டாள்.

அவர் வாசலுக்கு வந்து நின்றார். எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி ஒதுங்கி நின்று படத்தைப் பார்த்தார்கள். சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கிக்கொண்டார். கொம்பையா நின்ற இடத்திலிருந்து அவள் முதுகும் இரண்டு முழங்கையும்தான் தெரிந்தன.

"பேச்சி" என்றார்.

தெருச் சத்தத்தில் கேட்டிருக்காது. அவர் இன்னொரு தடவை கூப்பிட்டார். இசக்கியம்மாள் பாலத்தில் ஏறினாள். அங்கே காற்று அதிகம், படத்தை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். கைப்பிடிச் சுவரோரமாக, பிள்ளைக்கு ஆற்றைக் காட்டுகிறவள் மாதிரி போனாள். பிறகு அக்கரையில் இறங்கிவிட்டாள்.

கொம்பையா உள்ளே வந்தார். பின்அறையில் ஒன்றும் இல்லை. சுவரில் படம் சாய்ந்திருந்த இடங்கள் மட்டும் சதுரம் சதுரமாக வெளுத்திருந்தன.

"வாத்தியாரம்மா."

"சொல்லுங்க."

"அந்த ஒரு படத்துக்குத்தான் நான் இங்க வந்தேன்."

"ஆமா."

"எனக்குன்னு கையில ஒண்ணுமில்லாமப் போச்சே."

இருதயமேரி அவர் கையிலிருந்த தூரிகையை வாங்கினார். எண்ணெயில் அலசி, துணியில் துடைத்து, முனையை விரலால் கூர்செய்து, ஜாடியில் வைத்தார்.

"இரவல் வாங்குனதுலா, அண்ணாச்சி" என்றார். "திருப்பிக் குடுக்க வேண்டாமா?"